அறுபது சண்டையும் ஆறெழுத்துப் பூட்டும்

பெல்சிக்குச் சிரிப்பு வந்தால் சத்தம் வராது. தோள்கள் குலுங்கும், முகம் சிவக்கும், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டும். தெரியாதவர்கள் பார்த்தால் யாரோ செத்துப்போன செய்தி வந்திருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். தேவகோட்டையில் படித்த காலத்தில், பிரார்த்தனை நேரத்தில் இப்படிக் குலுங்கிய அவளை ஒரு சிஸ்டர் அணைத்துக்கொண்டு, "அழாதேம்மா, எல்லாம் சரியாயிரும்" என்று ஆறுதல் சொன்னார். பெல்சி சரி என்று தலையாட்டினாள். அதிகம் பேசாதவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. யாரும் எதையும் கேட்பதில்லை.

தமிழிலும் இங்கிலீஷிலும் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அம்மா அருளம்மாளுக்கு மகள் அரசாங்க வேலைக்குப் போகவேண்டும் என்று ஆசை. அரசாங்கத்துக்கு அந்த ஆசை இல்லை. அதனால் தினமும் காலையில் தேவகோட்டை பஸ்ஸில் ஏறிக் காரைக்குடி வந்து, செக்காலை ரோட்டில் மரிய ஜெரால்டு வைத்திருந்த கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்து தட்டினாள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி. கண்ணீர் அஞ்சலி கொடுக்க வருகிறவர்களுக்குப் பெல்சியை மிகவும் பிடிக்கும். ஒருமுறை இருளாண்டி என்பவர் தன் மாமாவின் அஞ்சலி நோட்டீசை ரோஸ் கலரில்தான் போடவேண்டும், மாமா உயிரோடிருந்தவரை அத்தையிடம் ரோஸ் கலர் சட்டைக்குத்தான் கெஞ்சிக்கொண்டிருந்தார் என்றார். பெல்சி தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினாள். "இந்தப் புள்ளைக்கு இருக்கிற பாசம் எங்க அத்தைக்கு இல்லையே" என்று இருளாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

இந்த வேலையில் அவளுக்கு ஒரே ஒரு குறைதான். அவள் தட்டியது எதுவும் மறுநாளைக்கு மேல் நிற்பதில்லை. பத்திரிகை கல்யாணம் முடிந்ததும் ஜன்னல் இடுக்கில் போகும். நோட்டீசை ஆடு தின்னும். ஒரு புத்தகம் தட்டவேண்டும், கடைசிப் பக்கத்தில் தன் பெயர் இருக்கவேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டே இருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

புத்தகம் 1998 சித்திரையில் கடைக்குள் நடந்து வந்தது. பட்டுப்புடவை, வைரத்தோடு, கையில் ஒரு துணிப்பை, வாசலிலேயே தொடங்கிவிட்ட பேச்சு.

"இங்குட்டு யாரு தமிழ் நல்லா அடிக்கிறது?"

கொத்தமங்கலம் சிகப்பி ஆச்சி. அவருடைய கணவர் வயிரவன் செட்டியாருக்கு ஆவணியில் அறுபது வயது நிறைகிறது. சாந்திக் கல்யாணம். அந்தப் பக்கத்துச் செட்டிமார் வீடுகளில் சாந்திக்கு வருகிறவர்கள் கையில் ஒரு புத்தகம் கொடுப்பது வழக்கம். பெரும்பாலும் தேவாரத் திரட்டாக இருக்கும், அல்லது குலதெய்வத்தின் பேரில் ஒரு பாமாலை.

"எங்க வீட்டுல அப்படி இருபது புஸ்தகம் கிடக்கு. யாரும் பிரிச்சதில்ல. நான் வேற ஒண்ணு போடப்போறேன்" என்றார் ஆச்சி. "அறுபது வயசுக்கு அறுபது சண்டை. எனக்கும் அவுகளுக்கும் கல்யாணம் ஆனதுலேருந்து நடந்த சண்டையில நல்லதாப் பாத்துப் பொறுக்கி அறுபது."

ஜெரால்டு வாயைத் திறந்தபடி நின்றார். பெல்சி ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"எழுதிக் கொண்டாந்திருக்கீகளா ஆச்சி?"

"எழுதுனா கை வலிக்கும். பேசுனா வாய் வலிக்காது. நான் சொல்றேன், நீ அடி."

அப்படித்தான் நடந்தது. வாரத்தில் இரண்டு நாள் ஆச்சி வருவார். வீட்டில் சொல்லிவந்த காரணம், ரவிக்கைக்கு அளவு கொடுப்பது. பெல்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, ஒரு சண்டையைத் தொடங்கிவிட்டால் இரண்டு குரலிலும் அவரே பேசுவார். செட்டியார் பேசும்போது மூக்கை உள்ளே இழுத்துக்கொள்வார். தாலி ஏறிய திருப்பூட்டு அன்றைக்கே வந்த முதல் சண்டை, மாலையில் இருந்த எறும்பு யார் பக்கத்திலிருந்து வந்தது என்பது. பதினோராவது, கந்தரப்பத்தில் வெல்லம் தூக்கலா இல்லையா என்பது. அது தீபாவளியில் தொடங்கிப் பொங்கல் வரைக்கும் போனது. முப்பத்திரண்டாவதுதான் பெல்சியைத் தரையில் உட்கார வைத்தது. ராமேஸ்வரத்துக்கு ரயிலில் போகும் வழியில், மானாமதுரையில் வடை வாங்க இறங்கினார் செட்டியார். ரயில் கிளம்பிவிட்டது. மூட்டை முடிச்சும் அவருடைய செருப்பும் ஆச்சியோடு ராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தன. அவர் வெறுங்காலோடு, கையில் ஆறிப்போன வடையோடு அடுத்த ரயிலில் வந்தார். வந்ததும் முதலில் கேட்டது, "ரயிலை நிறுத்தச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"ரயிலு என்ன என் மாமியா வீட்டு வண்டியா, நான் சொன்னா நிக்கிறதுக்கு?" என்று ஆச்சி தன் பதிலைச் சொல்லி முடிப்பதற்குள் பெல்சியின் விரல்கள் விசைப்பலகையை விட்டு வழுக்கிவிட்டன. மேசைக்குக் கீழே போய் உட்கார்ந்து குலுங்கினாள்.

"என்னத்தா அழுகுறே? அவுகதான் வந்து சேந்துட்டாகல்ல" என்றார் ஆச்சி.

இப்போது பூட்டுக்கு வருவோம். இந்தப் புத்தகத்துக்கு ஒரு ஆபத்து இருந்தது. அந்த ஆபத்தின் பெயரும் வயிரவன் செட்டியார்தான். சிங்கப்பூரில் இருக்கும் மகன் அவருக்கு ஒரு கம்ப்யூட்டர் அனுப்பியிருந்தான். அதைப் பற்றிச் சந்தேகம் கேட்க அவர் ஜெரால்டு கடைக்கு நினைத்த நேரத்தில் வருவார். வந்தால் எந்த மேசையிலும் குனிந்து பார்ப்பார். புத்தகம் சாந்தியன்று சபையில்தான் அவர் கண்ணில் படவேண்டும் என்பது ஆச்சியின் உத்தரவு.

ஜெரால்டிடம் பிளாப்பியில் ஒரு மென்பொருள் இருந்தது. கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் போல ஒரு மறைவிடத்தை அது உண்டாக்கும். ரகசியச் சொல்லைத் தட்டினால்தான் அந்த இடம் கண்ணுக்கே தெரியும். தட்டாவிட்டால், உள்ளே இருப்பதெல்லாம் யாருக்கும் புரியாத கிறுக்கலாகிவிடும்.

"எங்க வீட்டு வளவுல, அறைக்குள்ள அறையா உள்வீடு இருக்கிற மாதிரி" என்று ஆச்சி உடனே புரிந்துகொண்டார். "சாவி?"

"ஒரு சொல்லு ஆச்சி. இங்கிலீஷ் எழுத்துல. நீங்களே தட்டுங்க, எங்களுக்குத் தெரிய வேண்டாம்" என்றார் ஜெரால்டு.

பெல்சியும் ஜெரால்டும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். ஆச்சி ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். தட்டும்போதே அவருக்குச் சிரிப்பு வந்தது. "எனக்குப் பூட்டுன திருப்பூட்டை இன்னிவரைக்கும் யாரும் திறக்கல. இதை மட்டும் யாரு திறக்கப்போறா" என்றார்.

அதன்பிறகு ஒவ்வொரு முறையும் ஆச்சி வந்து சொல்லைத் தட்டித் திறப்பார், சண்டை ஓடும், போகும்போது பூட்டிவிடுவார்கள். பிரதியெடுத்து வைத்த பிளாப்பிகளுக்கும் அதே பூட்டு. காகிதத்தில் ஒரு வரி கிடையாது.

ஆடி முடிந்தது. அறுபதாவது சண்டையும் முடிந்தது. மறுநாள் காலையில் ஆச்சி ஒருமுறை படித்துக் கேட்டுவிட்டால் பக்கங்களை எடுத்து அச்சகத்துக்கு அனுப்பிவிடலாம். மதியத்துக்குள் வராவிட்டால் வேறு வேலையை ஏற்றிவிடுவேன், சாந்திக்கு முன்னால் கையில் புத்தகம் கிடைக்காது என்று அச்சகத்துக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். கடைசிப் பக்கத்தின் அடியில், "கணினி அச்சுக்கோப்பு: பெல்சி, தேவகோட்டை" என்று ஒரு வரியைத் தட்டிவிட்டு, அதை மூன்று முறை படித்துவிட்டுத்தான் அவள் பஸ் ஏறினாள்.

மரிய ஜெரால்டு நல்ல மனிதர். ஆனால் 'புதியது' என்று எழுதியிருந்தால் அவரால் சும்மா இருக்க முடியாது. சவரக் கத்தியானாலும் சரி, சோப்பானாலும் சரி, புதியது வந்தால் பழையது அன்றைக்கே குப்பைக்குப் போகும். அன்று மாலை, கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த ஒரு சிடியில் அதே பூட்டின் புதிய பதிப்பு இருந்தது. முன்னைவிடப் பலமான பூட்டு என்று போட்டிருந்தது. அவர் அதைப் போட்டார். அது பழைய பூட்டைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுத் தான் உட்கார்ந்துகொண்டது.

காலையில் ஆச்சி வந்து சொல்லைத் தட்டினார். கதவு திறக்கவில்லை. திரையில் இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. பெல்சி படித்துச் சொன்னாள்: ரகசியச் சொல்லில் குறைந்தது எட்டு எழுத்து இருக்கவேண்டும்.

"என் சொல்லுல ஆறுதான இருக்கு" என்றார் ஆச்சி.

"ஆறுன்னா ஆறுதான் ஆச்சி. அதை இது கேக்கவே மாட்டேங்குது. எட்டு இருந்தாத்தான் சரியா தப்பான்னே பாக்குமாம்."

"நல்லாருக்கே! என் வீட்டுச் சாவியை எடுத்துக்கிட்டு என் வீட்டுக்குப் போனா, வாசல்ல ஒருத்தன் நின்னு சாவி நீளம் பத்தாதுங்கிறானா?"

 ஜெரால்டு நேற்று மாலை தான் செய்ததைச் சொன்னார். பெல்சி அவரைப் பார்த்தாள். அவள் கோபமாகப் பார்த்தது அந்தக் கடையில் அதுவே முதல் தடவை. அவர் உடனே ஜெராக்ஸ் மெஷினைத் துடைக்கப் போய்விட்டார்.

"ரெண்டு எழுத்துதான குறையுது?" என்றார் ஆச்சி. "எங்க விலாசத்தைச் சேத்துப் போடு. தந்தி குடுத்தாலும் சரி, குலதெய்வத்துக்கு அர்ச்சனை சொன்னாலும் சரி, எங்க வீட்டுல பேருக்கு முன்னால விலாசம் போட்டாத்தான் யாருன்னு தெரியும்."

செட்டிமார் வீடுகளில் கொள்ளுத்தாத்தா தொடங்கி வரிசையாக வரும் அந்த முதலெழுத்துகளைச் சேர்த்து ஆச்சி மறுபடி தட்டினார். எட்டு எழுத்துக்குக் குறைவில்லை. பூட்டு இந்த முறை மரியாதையாகக் கேட்டுக்கொண்டது. பிறகு தவறான சொல் என்றது.

"எங்க கொள்ளுப்பாட்டனாரைத் தப்புங்குதா இது?" ஆச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது. விலாசத்தைப் பின்னால் போட்டார். தவறான சொல். சொல்லோடு தன் பெயரின் முதலெழுத்தையும் செட்டியாருடைய முதலெழுத்தையும் சேர்த்தார். தவறான சொல், இனிமேல் சற்று நேரம் எதையும் கேட்கமாட்டேன் என்று பூட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"அப்படியே அவுக குணம்" என்றார் ஆச்சி.

பெல்சிக்குக் கோபத்துக்கு நடுவிலும் தோள் ஆடியது. அடக்கிக்கொண்டாள். "அண்ணே, பழைய பிளாப்பி இருக்குல்ல? அதையே திரும்பப் போட்டா ஆறெழுத்தை எடுத்துக்கும்."

ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னாலிருந்து ஜெரால்டின் தலை மட்டும் எட்டிப் பார்த்தது.

"அது... போன மாசம் ஒருத்தர் கேட்டாருன்னு குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"செட்டியாருக்கு."

ஆச்சி ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார்.  "அவுகளுக்கு எதுக்குப் பூட்டு?"

யாருக்கும் தெரியவில்லை. ஆச்சி வீட்டுக்குப் போய்க் கேட்டால் ரவிக்கைக்கும் பிளாப்பிக்கும் என்ன சம்பந்தம் என்று கேள்வி வரும். ஜெரால்டு போனால் பொய் சொல்ல வராது, எல்லாவற்றையும் உளறிவிடுவார். மிச்சம் இருந்தது பெல்சி.

கொத்தமங்கலம் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து, சொல்லவேண்டியதை அவள் வழி முழுக்க மனப்பாடம் செய்தாள். அந்தப் பெரிய வீட்டின் முகப்பைத் தாண்டி உள்ளே போனபோது, செட்டியார் ஒரு மேசையில் கம்ப்யூட்டர் முன்னால் தனியாக இருந்தார். காலடிச் சத்தம் கேட்டதும் அவசரமாகத் திரையை அணைத்தார்.

"யாரது? ஜெரால்டு கடைப் பாப்பாவா? வா, வா."

"ஐயா, அந்தப் பூட்டு பிளாப்பி வேணும். ஒருத்தவுக வேலை பூட்டிக்கிட்டு நிக்குது. இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள வேணும்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. மனப்பாடம் செய்ததில் மிச்சமிருந்த பத்து வரியும் தேவைப்படவில்லை, ஏனென்றால் செட்டியார் எழுந்துவிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"ஜெரால்டாலயே திறக்க முடியலையா?"

"முடியலைங்கய்யா."

"அவனுக்கு எப்படி முடியும்! இதுல நுணுக்கம் இருக்கு. நீங்க யாரும் தொடாதீக. நானே வந்து திறந்து விடுறேன்."

"ஐயா, உங்களுக்கு எதுக்குச் சிரமம், குடுத்தீகன்னா நானே..."

"சிரமம் என்ன சிரமம்? காரை எடுக்கச் சொல்றேன்."

பழைய அம்பாசிடர் காரின் பின்சீட்டில் பிளாப்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி செட்டியார் காரைக்குடிக்குப் புறப்பட்டார். முன்சீட்டில் பெல்சி தனக்குத் தெரிந்த எல்லாப் புனிதர்களையும் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். தொலைந்துபோனதைக் கண்டுபிடித்துத் தருகிற அந்தோணியாரிடம் மட்டும் ஒரு திருத்தம் சொன்னாள்: புத்தகத்தைக் கண்டுபிடித்துக் கொடுங்கள், ஆச்சியைத் தொலைத்துவிடுங்கள்.

அந்தோணியார் கேட்டார். கார் நிற்பதைக் கண்ணாடிக் கதவு வழியே பார்த்த ஆச்சி, ஜெராக்ஸ் மெஷின் இருந்த தடுப்புத் திரைக்குப் பின்னால் பாய்ந்தார். அறுபதை நெருங்குகிற ஒரு பெண்மணி, பட்டுப்புடவையில், அப்படிப் பாய்வதை ஜெரால்டு அதற்கு முன்பு பார்த்ததில்லை. துணிப்பை மட்டும் ஸ்டூலில் கிடந்தது. ஜெரால்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

செட்டியார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பிளாப்பியைச் செருகினார். பழைய பூட்டு ஏறத் தொடங்கியது. அது மெதுவாக ஏறும். சும்மா இருக்க அவரால் முடியவில்லை.

"இது எனக்கு எதுக்குன்னு கேட்டீல்ல ஜெரால்டு, அன்னிக்கு? இப்பச் சொல்றேன். கம்ப்யூட்டர்ல சீட்டாட்டம் ஒண்ணு இருக்கு பாரு, அருமையான ஆட்டம். ஆனா வீட்டுல சீட்டுன்னாலே ஆகாது. எங்க மாமனார் மேல சத்தியம் வாங்கியிருக்கா. அதனால அதைப் பூட்டி உள்ள வச்சிட்டேன். அவ ரவிக்கை தைக்கப் போற நாளெல்லாம் எனக்கு ஆட்டம்தான்."

தடுப்புத் திரை ஒருமுறை பலமாக அசைந்தது.

"காத்து" என்றார் ஜெரால்டு.

"நாலு மாசமா ஒரு ரவிக்கையத் தைக்கிறான் அந்தத் தையக்காரன். அவன் நல்லா இருக்கணும்" என்றார் செட்டியார்.

திரையில் பழைய பூட்டு வந்தது. ரகசியச் சொல் என்ன என்று அடக்கமாகக் கேட்டது. நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. செட்டியார் பெருமையோடு கையை விரித்துக் காட்டினார். "இப்ப அடிங்க உங்க சொல்லை."

சொல் தடுப்புத் திரைக்குப் பின்னால் இருந்தது.

"கொஞ்சம் பொறுங்கய்யா, ஜெராக்ஸ் மெஷினை அணைக்காம வந்துட்டேன்" என்று சொல்லிப் பெல்சி உள்ளே போனாள். இருட்டில் ஆச்சியின் வைரத்தோடு மட்டும் கோபத்தில் மின்னியது.

"சீட்டாட்டம்! கேட்டியா? எங்க அப்பச்சி மேல பண்ணுன சத்தியம்!"

"ஆச்சி, மெல்ல. சொல்லு என்னன்னு சொல்லுங்க."

ஆச்சி அவள் காதில் சொன்னார். பெல்சி திரையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்தபோது அவள் முகம் செம்பருத்தி போலச் சிவந்திருந்தது, கன்னமெல்லாம் தண்ணீர்.

"பாப்பா ஏன் அழுகுது?" என்றார் செட்டியார்.

"மெஷின் சூடுங்கய்யா" என்றார் ஜெரால்டு.

ஹையர் முடித்த விரல்கள் அன்று ஒரு சொல்லைத் தட்ட முடியாமல் தவித்தன. முதல் தடவை எழுத்து மாறியது. இரண்டாவது தடவை பாதியிலேயே தோள் குலுங்கி நின்றுவிட்டது. மூன்றாவது தடவை அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, ஆச்சியைப் போலவே ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். திரையில் நட்சத்திரப் புள்ளிகள்தான் விழுந்தன. ஆனால் செட்டியார் திரையைப் பார்க்கவில்லை. நுணுக்கம் தெரிந்தவர் அல்லவா, விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம்... யூ... எஸ்... யூ..." என்று வாய்விட்டுப் படித்தார். "டி... யூ. முசுடு."

கதவு திறந்தது.

"முசுடா?" என்றார் செட்டியார். "இது எங்க வீட்டுல என்னையக் கூப்பிடுற பேருல்ல?"

அதற்குள் திரையில் முதல் பக்கம் பெரிய எழுத்தில் வந்துவிட்டது. அறுபது சண்டை. கீழே, சொன்னவர் சிகப்பி ஆச்சி, கொத்தமங்கலம். திரையை அணைக்கப் போன பெல்சியின் கையைச் செட்டியார் மெதுவாக விலக்கினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படிக்கத் தொடங்கினார்.

நான்கு மாத ரகசியம் போய்விட்டது.  செட்டியார் எழுந்து போய்விட்டால்? புத்தகம் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாந்தி அவருடையது. ஜெரால்டு துணிப்பையின் மேல் இன்னும் அழுத்தி உட்கார்ந்தார். செட்டியாரின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எறும்பைத் தாண்டினார். கந்தரப்பத்தைத் தாண்டினார். பக்கங்கள் நகர்ந்தன. அவருடைய மூக்கு மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டது; ஆச்சி நடித்துக் காட்டியது போலவே, அச்சாக. பிறகு கையை மேசையில் ஓங்கி அடித்தார்.

"தப்பு! மானாமதுரையில நான் வாங்குனது வடை இல்ல. போண்டா!"

தடுப்புத் திரை விலகியது.

"வடைதான்!" என்று ஆச்சி வெளியே வந்தார். "ஓட்டை இருந்துச்சு, நான் பாத்தேன்!"

"ஓட்டை நான் கடிச்ச ஓட்டை! நீ இங்க என்ன பண்றே? ரவிக்கை தைக்கப் போகல?"

"நீங்க சீட்டு ஆடப் போகல?"

செட்டியார் ஜெரால்டைப் பார்த்தார். ஜெரால்டு கூரையைப் பார்த்தார்.

அதன்பிறகு நடந்ததை எந்த அச்சுக்கோப்பாளராலும் தட்டியிருக்க முடியாது, இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சத்தியம், மாமனார், தையல்காரன், நாற்பது வருஷம், செருப்பு, போண்டா. பக்கத்துப் பெட்டிக்கடைக்கு வந்தவர்கள் வாசலில் நின்று எட்டிப்பார்த்தார்கள். பெல்சி சுவரோடு சாய்ந்து குலுங்கிக்கொண்டே கீழே இறங்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று செட்டியார் நிறுத்தினார்.

"ஏன் சிகப்பி, இதுல நான் படிச்ச எல்லாச் சண்டையிலயும் நீதான் ஜெயிச்சிருக்கே?"

"சொன்னது நாந்தான?"

அவர் யோசித்தார். அவருடைய தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமுகிறார் என்று பெல்சி நினைத்தாள். முசுடு என்று நாற்பது வருஷம் பெயர் வாங்கிய மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார், பழக்கமில்லாததால் கொஞ்சம் கரகரவென்று.

"சரி. அச்சுக்கு அனுப்புங்க. நான் எதையும் பாக்கல. சாந்தியன்னிக்கு சபையில குடுக்கும்போது அப்படியே அசந்துபோய் நிக்கிறேன். ஆனா அதைப் போண்டான்னு மாத்திருங்க."

"மாத்தாதே" என்றார் ஆச்சி பெல்சியிடம்.

"மாத்து" என்றார் செட்டியார்.

இருவரும் அம்பாசிடரில் ஏறி, கதவைச் சாத்திய பிறகும் பேசிக்கொண்டே போனார்கள். பெல்சி பக்கங்களை எடுத்தாள். ஜெரால்டு அவற்றைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு அச்சகத்துக்குப் பறந்தார். மதியத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார். புதிய பூட்டு இருந்த சிடியைப் பெல்சி இருளாண்டியின் ரோஸ் நோட்டீஸ் மிச்சத்தில் சுற்றிப் பரணில் போட்டாள்.

சாந்தியன்று கொத்தமங்கலத்து வளவு நிறைந்திருந்தது. பெல்சியும் அருளம்மாளும் பெண்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். புத்தகம் கைக்கு வந்ததும் அருளம்மாள் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, மகள் பெயரில் விரலை வைத்து, பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். அரசாங்க வேலையைப் பற்றி அன்று பேச்சே இல்லை.

மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த செட்டியாரிடம் ஆச்சி முதல் பிரதியை நீட்டினார். சபையே அவர் முகத்தைப் பார்த்தது. அவர் ஒத்திகை பார்த்து வைத்திருந்தபடி கண்ணை விரித்தார், வாயைத் திறந்தார், கையை மார்பில் வைத்தார். மிக நன்றாகவே அசந்துபோனார். பெல்சிக்கு மூச்சு வந்தது.

அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். ஆனால் நாள் முழுக்க அடக்கி வைத்திருந்த ஒரு சந்தேகம் அவருக்கு இருந்தது. அசந்துபோன முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, வேறு எந்தப் பக்கத்தையும் பார்க்காமல், நேராக முப்பத்திரண்டாவது சண்டையைப் பிரித்தார். படித்தார். அங்கே வடை வடையாகவே இருந்தது. கழுத்து மாலை குதிக்க எழுந்து நின்று, நாதஸ்வரத்துக்கு மேலே கேட்கும்படி கத்தினார்:

"போண்டா!"

நாதஸ்வரம் நின்றது. ஆச்சி நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். பாயில் பெல்சி மடங்கி விழுந்தாள். யாருக்கும் ஒன்றும் புரியாத அந்த அமைதியில், பங்காளி ஒருவர் மட்டும் நிலைமையைச் சட்டென்று கையில் எடுத்துக்கொண்டு சமையல்கட்டுப் பக்கம் குரல் கொடுத்தார்:

"அண்ணனுக்குப் பசி வந்திருச்சுப்பா! அங்குட்டு இலையைப் போடுங்க!"